குவாண்டம் தகவல்தொடர்புக்கு ஃபைபர் கேபிள் போதாதா, செயற்கைக்கோள் எதற்கு?

ஒற்றை ஒளித்துகள்களின் (ஃபோட்டான்கள்) குவாண்டம் நிலையில் தகவலை ஏற்றி அனுப்புவதே குவாண்டம் தகவல்தொடர்பு; செய்திகளைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒட்டுக்கேட்பவருக்குச் சிக்காமல் பகிர்வது அதன் முக்கியப் பயன். ஊருக்குள் என்றால் ஃபைபரே போதும். நெடுந்தூரம் என்று வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. நல்ல தரமான ஃபைபரிலும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் ஒளி இழப்பு உண்டு. 50 கி.மீ. கடப்பதற்குள் பத்து ஃபோட்டான்களில் ஒன்றே மிஞ்சும். 1,000 கி.மீ. என்றால், நொடிக்கு 1,000 கோடி ஃபோட்டான்களை அனுப்பினாலும் மறுமுனைக்கு ஒன்று வந்துசேரச் சுமார் 300 ஆண்டுகள் பிடிக்கும். வழக்கமான இணையத்துக்கும் இதே இழப்புதான். அங்கே இடையிடையே பெருக்கிகளை வைத்துச் சமாளிக்கிறோம். முன்பின் அறியாத ஒரு குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்று 1982இல் வூட்டர்ஸ், ஸூரெக் ஆகியோர் நிறுவியிருப்பதால், ஒளியைப் படியெடுத்துப் பெருக்கும் அந்த வழி இங்கே இல்லை. ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும் அதே விதி நம் கையையும் கட்டிப்போடுகிறது.

வானில் நிலைமை வேறு. அடர்ந்த காற்று கீழே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு மேலே ஒளிக்கற்றை விரிவதால் வரும் இழப்பே முக்கியமானது. சீனா 2016 ஆகஸ்டில் ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள், 1,203 கி.மீ. இடைவெளியில் இருந்த டெலிங்கா, லிஜியாங் நிலையங்களுக்குப் பிணைந்த ஃபோட்டான் ஜோடிகளை, அதாவது எவ்வளவு தள்ளி இருந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் ஜோடிகளை, அனுப்பியது. முடிவுகள் 2017இல் வெளியாயின. நொடிக்கு 59 லட்சம் ஜோடிகள் உருவாகியும் கீழே பிடிபட்டது சுமார் ஒன்றுதான். 2020இல் அதே செயற்கைக்கோள் வழியாக 1,120 கி.மீ. தொலைவில் ரகசியச் சாவி உருவாக்கிய வேகம் நொடிக்கு 0.12 பிட். இரு நிலையங்களுக்கும் அது சேர்ந்தாற்போல் தெரிவது இரவில் ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக என்பதால், 256 பிட் சாவி ஒன்றுக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். செய்திகள் தூரத்தை மட்டும் கொட்டி முழக்குவது எனக்கு உவப்பாக இல்லாததற்கு இதுவே காரணம்.

ஃபைபர்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இரு முனைகளிலிருந்தும் ஒளியை அனுப்பி நடுவில் சந்திக்கவைக்கும் இரட்டைப்புல முறை 2018இல் முன்மொழியப்பட்டது. 2023இல் அது 1,002 கி.மீ.யை எட்டியது. ஆனால் அந்தத் தூரத்தில் ஒரு பிட் கிடைக்க ஐந்து நிமிடம் ஆனது. அதே அமைப்பு 202 கி.மீ.யில் நொடிக்கு 47,000 பிட் தந்தது. நடைமுறைக்கு உதவும் எண் இதுதான் என்பேன்.

உண்மையான தீர்வு, ஃபோட்டானின் நிலையைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் குவாண்டம் நினைவகத்தில் இருக்கிறது. அது இருந்தால் நெடுந்தூரத்தைத் துண்டு துண்டாகப் பிணைத்து, ஒரு துண்டு தயாராகும்வரை மற்றதைக் காத்துவைத்து, பிறகு இணைக்கலாம். 2024இல் ஹார்வர்ட் குழுவினர், வைரத்துக்குள் சிலிக்கான் அணு அமர்ந்த குறைபாடுகளையே நினைவகமாக்கி, பாஸ்டன் பகுதியில் ஏற்கெனவே பதித்திருந்த 35 கி.மீ. ஃபைபர் வழியாக இரு முனைகளைப் பிணைத்தார்கள். அந்தப் பிணைப்பை ஒரு நொடி வரை காத்துவைக்கவும் முடிந்தது. ஃபைபருக்குள் ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடும் என்பதால், மறுமுனையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க அது தாராளம். செலவுதான் உறுத்துகிறது: வைரத்தைத் தனிச்சுழியை (சுமார் −273 டிகிரி செல்சியஸ்) ஒட்டிய குளிரில் வைக்க ஒவ்வொரு முனைக்கும் பெரிய குளிர்விப்பான் வேண்டும்.