பட்டா யார் பெயரில்? அயர்லாந்து பற்றிய வாசகர் கேள்விகள்

கே: இங்கிலாந்து அயர்லாந்தை 800 ஆண்டுகள் ஆண்டதாகச் சொல்கிறார்களே?

ப: கால் வைத்ததும் ஆண்டதும் ஒன்றல்ல. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி வந்து இறங்கியது 1171இல். ஆனால் 1500 வாக்கில்கூட மன்னரின் ஆணை உறுதியாகச் செல்லுபடியானது டப்ளினைச் சுற்றிய ‘பேல்’ பகுதியிலும் சில நகரங்களிலும்தான். முதலில் ஆண்டைப் பாருங்கள்.

கே: பாயினிங்ஸ் சட்டம் என்ன செய்தது?

ப: மன்னரின் முன் அனுமதி இல்லாமல் அயர்லாந்து நாடாளுமன்றம் கூடவோ சட்டம் இயற்றவோ முடியாதபடி செய்தது. ஆண்டு 1494.

கே: அயர்லாந்தின் குலத்தலைவர்கள் நிலத்தை இங்கிலாந்து மன்னரிடம் ஒப்படைத்து, அப்படியே திரும்பப் பெற்றார்கள், பட்டமும் கிடைத்தது. இதில் என்ன நட்டம்?

ப: மாதம் தவறாமல் வரும் கேள்வி இது, வரும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. தலைவர் ஒப்படைத்த நிலம் அவருடையது மட்டும் அல்லவே! அயர்லாந்து மக்களின் பழைய கேலிக் வழக்கப்படி பங்காளிகள் எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு. தலைவரையும் அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். மூத்த மகன் என்பதற்காகப் பதவி வந்துவிடாது. எட்டாம் ஹென்றி 1541இல் அயர்லாந்தின் அரசராக அறிவிக்கப்பட்டபின், குலத்தின் நிலம் ஒருவர் பெயரில் பட்டாவானது. வாரிசையும் பட்டாவே சொன்னது.

1542இல் அல்ஸ்டர் என்னும் வடபகுதியின் குலத்தலைவர் கான் ஓ’நீல் இப்படி நிலத்தை ஒப்படைத்து டிரோன் பிரபுவானார். வாரிசாக மாத்யூ குறிக்கப்பட்டார். இன்னொரு மகன் ஷேன் அதை ஏற்கவில்லை. 1558இல் மாத்யூ கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கான் இறந்ததும் ஷேன் தலைவரானார். அவர் 1567இல் கொல்லப்படும்வரை அல்ஸ்டரில் அமைதி இல்லை. மாத்யூவின் மகன் ஹ்யூவை முடியரசே தூக்கிவிட்டது. அவர்தான் பிறகு அதே முடியரசை எதிர்த்து ஒன்பதாண்டுப் போரை நடத்தினார். அந்த ஹ்யூ 1607இல் நாட்டைவிட்டுக் கப்பலேறியதும் ‘துரோகியின் நிலம்’ என்று டிரோனையே பறிமுதல் செய்து குடியேற்றக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டா ஒருவர் பெயரில். பறிபோனது அத்தனை பேரின் வாழ்வு. நட்டம் இதுதான்.

கே: எல்லாமே கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சண்டைதானே?

ப: லீஷ், ஆஃபலி பகுதிகளில் அயர்லாந்துக்காரர்களின் நிலத்தைப் பறித்து ஆங்கிலேயரைக் குடியேற்றுவதை 1550களில் சட்டமாக்கியவர் கத்தோலிக்க அரசி மேரி. மறுபடியும் சொல்கிறேன்: ஆண்டைப் பாருங்கள்.

கே: கிராம்வெல் மன்னர் அயர்லாந்து மீது படையெடுத்தது ஏன்?

ப: கிராம்வெல் மன்னர் அல்லர்! 1649 ஜனவரியில் மன்னரின் தலையை வெட்டிய தரப்பின் தளபதி. ஆகஸ்டில் டப்ளினில் இறங்கினார். கேள்வியை அனுப்புமுன் ஒரு பக்கமாவது படியுங்கள்.

கே: ஹ்யூ ஓ’நீல் எலிசபெத்திடம்தானே சரணடைந்தார்?

ப: அப்படித்தான் அவரும் நினைத்தார். மெல்லிஃபாண்டில் அவர் மண்டியிட்டது 1603 மார்ச் 30. அரசி 24ஆம் தேதியே இறந்துவிட்டார். அந்தச் செய்தி தெரிந்திருந்தும் அரசியின் அயர்லாந்துப் பிரதிநிதி மவுண்ட்ஜாய் பிரபு வாய் திறக்கவில்லை.