யூகெட்டும் ஆரியா2-வும்: டவுன்லோடு பற்றி நீங்கள் கேட்டவை

இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கித் தரும் மென்பொருளான டவுன்லோடு மேனேஜர் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் சொல்லப்போவது இரண்டு மென்பொருள்களைப் பற்றி. யூகெட்டில் பட்டன், பட்டியல் எல்லாம் உண்டு. ஆரியா2 கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டுவது. இரண்டும் ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது. வேண்டுமென்றால் யூகெட்டுக்குள்ளேயே ஆரியா2-வை இயக்கிக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஓர் அக்கா: வீட்டில் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர். ஆனால் அமெரிக்க சர்வரிலிருந்து எடுக்கும்போது நொடிக்கு 3 எம்பிதான் வருகிறது. யூகெட் போட்டால் முழு வேகம் கிடைக்குமா?

உங்கள் லைனின் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். 1 ஜிகாபிட்டை எட்டால் வகுத்தால் வருவது அது. எந்த மென்பொருளாலும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் உங்களைத் தடுப்பது லைன் இல்லை அக்கா, தூரம்.

சர்வர் கொஞ்சம் தரவை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகும். ஒவ்வொரு தடவையும் 64 கேபிதான் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 320 கேபிக்கு மேல் வராது. இன்றைய கணினிகள் இந்த அளவைத் தாமாகவே பெரிதாக்கிக்கொள்ளும். ஆனால் வழியில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் உடனே சுருக்கிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் ஒரு கோப்பை நான்கைந்து துண்டாக்கி, நான்கைந்து இணைப்புகளில் எடுப்பது உதவுகிறது.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். அதே கோப்பு சிங்கப்பூர் மிர்ரரில் (நகலை வைத்திருக்கும் சர்வரில்) கிடைத்தால் அங்கிருந்து எடுங்கள். பக்கத்தில் இருக்கும் சர்வருக்குப் பெரும்பாலும் ஒற்றை இணைப்பே போதும்.

அப்படியானால் எப்போதும் 16 இணைப்பு வைத்துக்கொள்ளலாமே? தமிழ் விக்கிப்பீடியா டம்ப் (முழுத் தரவு நகல்) எடுக்கப் போனால் மட்டும் 503 பிழை வருகிறது.

வைக்காதீர்கள். விக்கிமீடியாவின் டம்ப் சர்வர் ஓர் ஐபி முகவரிக்கு இரண்டு இணைப்புதான் தரும். நீங்கள் பதினாறு கேட்டதால் மறுத்துவிட்டது. இரண்டாகக் குறைத்தால் வேலை செய்யும்.

ஆரியா2-வில் ஒரு சர்வருக்கு அதிகபட்சம் 16 இணைப்பு வைக்கலாம் என்றாலும், நாமாக மாற்றாதவரை அது ஒன்றுதான். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும். விக்கிமீடியா போன்ற பொதுச் சேவைகள் நன்கொடையில் ஓடுகின்றன. ஒருவர் பதினாறு இணைப்பைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கு இடம் இருக்காது. சாதாரண வேலைக்கு நான்கு போதும்.

துவாஸ் தங்கும் விடுதியிலிருந்து ஒரு தம்பி: சார், ஃபோன் ஹாட்ஸ்பாட்டில்தான் மடிக்கணினியை ஓட்டுகிறேன். 5 ஜிபி கோப்பில் 4 ஜிபி வந்ததும் அறுந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. டேட்டா எல்லாம் போச்சு.

தம்பி, டவுன்லோடு மேனேஜரின் உண்மையான பயன் உங்களுக்குத்தான். வேகத்தை விட இதுதான் முக்கியம் என்பேன்.

பிரவுசர் சில சமயம் விட்ட இடத்திலிருந்து தொடரும், சில சமயம் தொடராது. ஆரியா2 கோப்பின் பக்கத்திலேயே, அதே பெயரோடு ஆரியா2 என்ற பின்னொட்டு சேர்த்து ஒரு சின்னக் கோப்பை வைத்துக்கொள்ளும். எந்தெந்தத் துண்டு வந்துவிட்டது என்ற கணக்கு அதில் இருக்கும். டவுன்லோடு முடிகிறவரை அதை அழித்துவிடாதீர்கள். மறுபடி ஓட்டும்போது மென்பொருள் சர்வரிடம் "இந்த பைட்டிலிருந்து கொடு" என்று கேட்கும். சர்வருக்கு அந்த வசதி இருந்தால் 206 என்ற எண்ணோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும். வசதி இல்லாத சர்வர் 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் தொடக்கத்திலிருந்து அனுப்பும். அங்கே எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பெரிய கோப்பைத் தொடங்கியதும், கொஞ்சம் வந்த பிறகு ஒருமுறை நிறுத்தித் தொடர்ந்து பாருங்கள். தொடரவில்லை என்றால் இழப்பு கொஞ்ச டேட்டாவோடு போகும்.

இன்னொன்று. ஆரியா2 இயல்பாக ஐந்து முறைதான் முயலும், அதுவும் இடைவெளி விடாமல். ஹாட்ஸ்பாட் ஒரு நிமிடம் விழுந்தால் ஐந்தும் தீர்ந்துவிடும். முயற்சி எண்ணிக்கையைச் சுழியம் ஆக்குங்கள், வரம்பு இல்லை என்று பொருள். இடைவெளியை 30 நொடி ஆக்குங்கள். யூகெட்டிலும் இந்த இரண்டுக்கும் கட்டங்கள் உண்டு. அறையில் நான்கு பேர் ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொண்டால் வேக வரம்பும் வைத்துவிடுங்கள். நீங்கள் டவுன்லோடு செய்யும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஊருக்கு வீடியோ கால் பேச முடிய வேண்டும் அல்லவா?

லாகின் செய்து எடுக்கும் லிங்க் பாதியில் காலாவதியாகிவிடுகிறது. வந்தது வீணா?

வீணில்லை. தளத்தில் மறுபடி நுழைந்து புது லிங்க்கை நகலெடுங்கள். யூகெட்டில் அந்த டவுன்லோடின் பண்புகளைத் திறந்து முகவரியை மட்டும் மாற்றித் தொடருங்கள். கோப்பு அதேதான் என்றால் மிச்சம் வரும். 2 ஜிபி வர வேண்டிய இடத்தில் சில கேபி மட்டும் வந்தால், அது பெரும்பாலும் கோப்பின் பெயரில் சேமிக்கப்பட்ட லாகின் பக்கம்.

பென்டிரைவில் நேரடியாக இறக்கினால் 4 ஜிபியோடு நின்றுவிடுகிறது.

பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள். அப்புறம், தொடங்கியதும் கொஞ்ச நேரம் உறைந்ததுபோல் நின்றால் பயப்படாதீர்கள். ஆரியா2 முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது. அந்த ஒதுக்கீட்டை அமைப்பில் நிறுத்திவைக்கலாம்.

ஊரில் இணையம் சரியில்லாத பள்ளிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவைக் கொண்டுபோக வேண்டும். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. கிவிக்ஸ் தளத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரே கோப்பாகக் கிடைக்கும். இணையமே இல்லாமல் படிக்கலாம். கோப்போடு அதன் கைரேகை போன்ற ஷா-256 எண்ணும் தருகிறார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையால் உங்கள் கோப்பின் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு சரியில்லை. எண்ணை முன்பே ஆரியா2-விடம் கொடுத்தால் இறக்கி முடித்ததும் அதுவே சரிபார்க்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் போய்த் திறந்து பார்க்கும்போது பழுது தெரிந்தால் மறுபடி இறக்க அங்கே வழியில்லை.

ஐடிஎம் கிராக் வைத்திருக்கிறேன், நன்றாகத்தானே ஓடுகிறது?

எடுத்துவிடுங்கள். ஐடிஎம் (இன்டர்நெட் டவுன்லோடு மேனேஜர்) கட்டண மென்பொருள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். கிராக் என்பது முகம் தெரியாத ஒருவர் மாற்றிக் கொடுத்த நிரல். இணைய வங்கி பார்க்கும் அதே கணினியில் அதை ஓட்டுகிறீர்கள். யூகெட்டுக்கு உரிமச் சாவியே தேவையில்லை. விண்டோஸில் நிறுவக்கூட வேண்டாம், பிரித்து அப்படியே ஓட்டலாம். அதன் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பழைய மடிக்கணினி தாங்குமா?

தாங்கும். சாதாரண டவுன்லோடுக்கு ஆரியா2 எடுப்பது 4 எம்பி நினைவகம், டோரன்டுக்கு 9 எம்பி என்று அதன் ஆவணமே சொல்கிறது. பிரவுசரில் ஒரு டேப் திறந்தாலே இதைப்போல் பல மடங்கு போகும்.

மேக்கில்?

மென்பொருள்களை நிறுவித் தரும் ஹோம்புரூ வழியாக ஆரியா2-வை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு டெபியன், உபுண்டு மென்பொருள் களஞ்சியங்களிலேயே இருக்கிறது.