முதலை வண்டி இடப்பக்கம் இழுப்பது எடையால் அன்று

பைன்வுட் டெர்பி என்பது சாரணச் சிறுவர்கள் பைன் மரக்கட்டையில் செதுக்கிய சிறு வண்டிகளைச் சரிவான தடத்தில் ஓடவிடும் பந்தயம். அதன் ஒத்திகையில் உங்கள் மகனின் முதலை வடிவ வண்டி சரிவில் வேகமாக இறங்கியும், சமதளத்தில் இடப்பக்கம் இழுத்து, தடத்தின் நடுப்பட்டையை உரசி நின்றுவிடுவதற்குக் காரணம், நீங்கள் ஐயப்படும் எடைக்குறைவு அன்று. சக்கரங்களைத் தாங்கும் ஆணிகளான முன் அச்சாணிகளுள் ஒன்று கோணலாக இருக்கிறது என்றே கருதுகிறேன். பைன் மென்மையான மரமாதலால், முதலையின் வயிற்றைக் குடையும்போது ஆணி இறங்கும் பள்ளத்தின் விளிம்பு எளிதில் நொறுங்கிவிடும்.

1. ஒரு மீட்டருக்குக் குறையாத வழவழப்பான பலகையைச் சற்றே சாய்த்து, வண்டியைப் பலமுறை உருளவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகினால் அச்சாணிதான் கோளாறு. நேராகச் சென்றும் தயங்கினால், சக்கரத் துளைகளில் உலர்ந்த கிராஃபைட் தூள் இடுங்கள்.

2. வண்டியை ஓர் அளவுகோலின் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். சமநிலைப் புள்ளி பின் அச்சுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னால் அமைய வேண்டும். வாலில் எடையை அதிகம் திணித்திருந்தால் முன்சக்கரங்கள் தரையில் படியாமல் ஆடும்.

அச்சாணியை வளைத்துச் சீராக்குவதைச் சில சாரணர் குழுக்கள் அனுமதிப்பதில்லை என்பதால், விதித்தாளை முதலில் பாருங்கள். வண்ணம் பூசிய பின்னும் எடை 5 அவுன்ஸை, அதாவது சுமார் 142 கிராமைத் தாண்டக் கூடாது. அந்தத் திறந்த வாய் அழகுதான், ஆனால் கீழ்த்தாடை தொடக்கக் கோட்டில் வண்டியை நிறுத்திவைக்கும் முளையில் சிக்காதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.