வாங்கிய மூன்றாம் நாளே ஆட்டுக்கு நோய்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பிழைப்புக்கு ஆடு வளர்க்கிறேன். ஒரு பண்ணையில் 16,000 ரூபாய்க்குத் தலைச்சேரிப் பெட்டை வாங்கினேன். கேட்டதற்கு, "தடுப்பூசியெல்லாம் போட்டாச்சுங்க" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். மூன்றாம் நாளே காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். பரிசோதனையில் பிபிஆர், அதாவது ஆட்டுக்கொல்லி என்று வந்திருக்கிறது. பண்ணைக்காரர், "ஏத்தும்போது நல்லாத்தானே நின்னுச்சு" என்கிறார். திருப்பி விடவா, சந்தையில் தள்ளிவிடவா?

பதில்: இரண்டும் வேண்டாம். நோய் தெரிந்தே சந்தைக்கு ஓட்டிப்போனால் 2009ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி குற்றவாளி நீங்கள்தான். அபராதம் பெரிதில்லை, ஆனால் உங்கள் வழக்கு அதோடு கெட்டுப்போகும். ஆட்டைத் தனியே கட்டுங்கள், பொது மேய்ச்சலுக்கு விடாதீர்கள், நோய் வந்திருப்பதை ஊராட்சியில் எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

இனி பணம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் ஒரு குதிரைக் கதை உண்டு. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஏலத்தில் விற்றவர் வாயே திறக்காவிட்டால் அது மோசடி ஆகாது. பார்த்து வாங்க வேண்டியது உங்கள் பாடு. நம் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து முடிகிற வியாபாரம் பலவும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நல்லவேளை, உங்கள் ஆள் வாயைத் திறந்துவிட்டார்! ஊசி போடாமலே போட்டதாகச் சொல்லியிருந்தால் மோசடி. போட்டதாக அவரே நம்பிச் சொல்லியிருந்தாலும் தவறான தகவல். எப்படியானாலும் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். ஊசியை எந்தத் தேதியில், எந்த மருத்துவர் போட்டார் என்றும் அதில் கேளுங்கள்.

நாள் கணக்கும் உங்கள் பக்கம்தான். பிபிஆர் தொற்றிப் பெரும்பாலும் நாலைந்து நாள் கழித்துத்தான் நோய் வெளியே தெரியும். மூன்றாம் நாளே படுத்த ஆடு அங்கேயே நோயை வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பத்தாம் நாள் என்றால், "உங்க பட்டியில ஒட்டிக்கிச்சு" என்று தப்பித்திருப்பார். அறிகுறி தொடங்கிய தேதியைச் சான்றிதழில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பணம் அனுப்பிய ரசீது, வண்டி வாடகைச் சீட்டு, அந்தக் குரல் பதிவு எல்லாம் பத்திரம். போனை மாற்றினால் பதிவு போய்விடலாம், இன்றே வேறொன்றில் ஏற்றிவையுங்கள்.

நோட்டீஸுக்கு மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோரே. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. மற்ற ஆடுகளுக்கும் பரவியிருந்தால் அந்த நட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒருவேளை ஆடு இறந்துவிட்டால், பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ஓடையில் வீசினால் அதற்குத் தனி அபராதம்.