மிஞ்சிய இலவம் பஞ்சை மிஷினுக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பழைய இரட்டைக் கட்டில் இலவம் பஞ்சு மெத்தையைப் பிரித்து, ஒற்றைக் கட்டில் அளவுக்குத் தைக்கக் கொடுத்தோம். மூன்று கிலோ பஞ்சு மிச்சம். தெருவில் வரும் மெத்தை வியாபாரி, மிஷினில் அடித்து, புதுப் பஞ்சு சேர்த்துத் தலையணையாகத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? பிறந்து நான்கு மாதமான பேரனுக்கும் ஒரு சின்னத் தலையணை தைக்க ஆசை. – வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். கட்டிதட்டிய பருத்திப் பஞ்சைத்தான் அடிக்க வேண்டும். இலவம் பஞ்சின் இழை, உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழாய். படுத்தால் மெத்தென்று இருப்பதே அந்தக் காற்றினால்தான். பழைய இழை மிஷின் பல்லில் பட்டால் நொறுங்கித் தூளாகிவிடும். வாங்கிய அன்று உப்பலாக இருக்கும் தலையணை சீக்கிரமே அப்பளமாகிவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை, கொடுத்த பஞ்சே திரும்பி வருகிறதா என்பது. போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்று சத்தியம் செய்துவிட்டு, நூற்பாலைக் கழிவையும் பாலியஸ்டரையும் நடுவில் திணிப்பவர்கள் உண்டு. வாங்கிய தலையணையின் ஓரத் தையலைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே திரி போல் முறுக்குங்கள். பருத்தி முறுக்கிக்கொண்டு நிற்கும். இலவம் பஞ்சு வழவழப்பானது, பிடி தளர்ந்ததும் விரிந்து உதிர்ந்துவிடும். இன்னொரு சிட்டிகையை வெளியில் வைத்துக் கொளுத்தினால், பாலியஸ்டர் இருந்தால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். தங்க நகைக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயம். தினமும் முகத்தை வைத்துப் படுக்கும் தலையணைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. பையில் அச்சடித்ததை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். பஞ்சைத் துவைக்கக் கூடாது. காற்றில்லாத காலையில், பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி மொட்டைமாடி வெயிலில் போட்டு, அவ்வப்போது புரட்டுங்கள். பிறகு மின்விசிறியை நிறுத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கட்டிகளைக் கையால் பிய்த்து விதைகளைப் பொறுக்குங்கள். ஒரு பிடியை அமுக்கி விடுங்கள். எழும்பினால் நல்ல பஞ்சு, அமுங்கியே கிடந்தால் கழித்துவிடுங்கள். நெருக்கமாக நெய்த கெட்டித் துணியில் உள்ளுறை தைத்து, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் அடைத்தால் ஒரு தலையணை. இரண்டு தலையணை போக மீதியில் கொஞ்சத்தை, தொய்ந்துபோன திண்டுக்குள் திணியுங்கள். பருத்தியோடு கலக்க வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும் பஞ்சு இது. அடுப்படிப் பிடிதுணிக்குள் வைத்துத் தைக்கவே கூடாது.

பேரனுக்கு மட்டும் தைக்காதீர்கள். ஒரு வயது நிறையும்வரை குழந்தையின் படுக்கையில் தலையணையே வேண்டாம் என்றுதான் குழந்தைநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். மென்மையான பஞ்சில் முகம் புதைந்தால் நான்கு மாதக் குழந்தையால் முகத்தை விடுவித்துக்கொள்ள முடியாமல் போகலாம், மூச்சு முட்டும். சின்னதாகத் தைத்தாலும், தட்டையாகத் தைத்தாலும், நீங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை விற்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். நல்ல பஞ்சில் ஒரு பங்கை உலர்ந்த துணிப்பையில் கட்டி, ஈரம் படாத பரணில் வையுங்கள். பேரன் வளர்ந்தபின் தைத்துக்கொள்ளலாம்.