பிறந்தநாள் விழா மணி கோர்ப்பு: தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள்

பிறந்தநாள் விழாக்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மணி கோர்க்கும் நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கிறீர்கள், எப்படிப் பணம் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துக் குழந்தைகள் வரை இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசுங்கள். அதற்கு மேல் வந்தால் ஆளுக்குத் தனியாக. பாதியை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

தலைக்கு இவ்வளவு என்று பேசியதில், 15 பேர் என்று சொல்லி 8 பேர்தான் வந்தார்கள், கைக்காசு போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் குறைந்தாலும் ஆட்டோ கூலியோ உங்கள் மூன்று மணி நேரமோ குறையாதே! தலைக்கணக்கு கட்டுப்படியாகாததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றையும் பாருங்கள். மணிகளை நடுவில் கொட்டி வைக்கிறீர்களா? பிள்ளைகள் கைநிறைய அள்ளுவார்கள், பாதி தரையில் உருளும். அடுத்த முறை மணிகளை எண்ணிப் போட்டு ஆளுக்கொரு ஜிப் கவர் கொடுத்துப் பாருங்கள். ஆறேழு வயதுப் பிள்ளையின் பிரேஸ்லெட்டுக்கு 15 செ.மீ. சுற்றளவு போதும், 8 மி.மீ. மணி என்றால் 19 மணிகள். உதிரியாக இரண்டு மூன்று. எலாஸ்டிக் 25 செ.மீ. வெட்டி, ஒரு முனையில் செலோடேப் ஒட்டிவிடுங்கள், கோர்த்தது நழுவாது. பிரிக்காத கவர் அப்படியே அடுத்த விழாவுக்கு ஆகும்.

முடிச்சை மட்டும் நீங்களே போடுங்கள். அதற்கு முன் எலாஸ்டிக்கை இரண்டு மூன்று தடவை நன்றாக இழுத்துவிடுங்கள், பிறகு தொளதொளக்காது.

அப்புறம், விழா வீட்டில் கைக்குழந்தைகளும் தவழ்ந்துகொண்டிருப்பார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மணியை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துவிடும். அவர்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் வேண்டும் என்று பணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.