தண்டல் கார்டில் மீதி நாட்களை எண்ணுங்கள், புதுக் கடன் வாங்காதீர்கள்

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல், தினமும் வந்து வசூலிக்கும் தண்டல் கடன் 10,000 ரூபாய் வாங்கினேன். கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். இதில் 62 நாள் கட்டிவிட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இன்னொரு தண்டல், அதே கணக்கு, 15 நாள் ஆகிறது. இதற்கு முன்பே மாமியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அஞ்சு வட்டிக்கு 20,000 வாங்கி, 14 மாதமாக வட்டி மட்டும் கட்டுகிறேன். இப்போது ஒருவர், எல்லாவற்றையும் அடைத்துவிட வங்கியில் ஒரு லட்சம் வாங்கித் தருகிறேன், பைல் சார்ஜ் 3,000 ரூபாயும் கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கும் கொடு என்கிறார். கொடுக்கலாமா சார்? வட்டி அதிகம் என்று தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறீர்கள் என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அம்மா, முதலில் அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். செக்கும் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

வங்கிக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் எவரையும் வாசற்படிக்கு வெளியே நிறுத்துங்கள். கடன் பிரிவில் பல வருடங்கள் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: வங்கியில் பரிசீலனைக் கட்டணம் இருந்தால் அது வங்கிக் கணக்கில் ரசீதோடு போகும், ஓர் ஆளின் கைக்குப் போகாது. பணத்தை வாங்கிக்கொண்டு, "சிபில் ஸ்கோர் சரியில்லை, ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். செக் விஷயம் அதைவிட மோசம். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கில் நாளைக்கு யாரும் இரண்டு லட்சம் என்று எழுதலாம். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரும். நான் வாங்கவே இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வெற்றுப் புரோநோட்டும் அப்படித்தான், ஏ.டி.எம். கார்டை ரகசிய எண்ணோடு ஒப்படைப்பதும் அப்படித்தான். ரேஷன் கார்டை அடகு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய காலித் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். போட்ட பிறகு அழுது என்ன செய்வது?

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஏமாளி என்பதால் அங்கே போகவில்லை. உங்கள் வருமானம் எந்த வடிவத்தில் வருகிறதோ, அந்த வடிவத்தில் வருகிற கடன் தண்டல் ஒன்றுதான். தினமும் மீன் விற்கிறீர்கள், தினமும் 100 ரூபாய் கொடுக்கிறீர்கள். வசூல்காரர் கடை போட்ட இடத்துக்கே வந்து வாங்கிக்கொண்டு கார்டில் குறித்துவிட்டுப் போகிறார். வங்கியோ மாதத்தின் ஐந்தாம் தேதி 4,000 ரூபாயை மொத்தமாக எடு என்கிறது. மழை வந்து கடல் மூடிய வாரத்தில் அந்த ஐந்தாம் தேதி விழுந்தால் என்ன செய்வீர்கள்? ஆஸ்பத்திரியில் இரவு பத்து மணிக்கு 5,000 கட்டச் சொன்னால் எந்த வங்கி திறந்திருக்கும்?

நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா வந்து 8,000 ரூபாய் கேட்டார். வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, ஜாமீன்தாரர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மூன்று முறை அலையவிட்டோம். நாலாவது முறை அவர் வரவில்லை. பிறகு தெரிந்தது, எங்கள் கிளை இருந்த அதே தெருவில் தண்டல் எடுத்திருந்தார், பத்து நிமிடத்தில். அந்த அம்மாவிடம் நிதி அறிவு இல்லை என்று எங்கள் அதிகாரிகள் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. எட்டாயிரம் ரூபாய்க் கடனுக்கும் எட்டு லட்சம் கடனுக்கும் ஒரே கட்டுக் காகிதம் கேட்கிறவர்கள் யாருக்கு அறிவு சொல்வது?

வேகமாகக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். 8,500 வாங்கி 10,000 கட்டுகிறேன், 1,500தானே போகிறது, நூற்றுக்குப் பதினைந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் உங்கள் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டீர்கள். அப்படிக் குறைந்துகொண்டே போகிற தொகைக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 120 சதவீதம் வருகிறது. தெருப் பேச்சில் சொன்னால் பத்து வட்டி, அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய். நகைக் கடனுக்கு வங்கியில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் கீழேதான் வட்டி வரும். காதில் கிடக்கும் கம்மலை வைத்துவிட்டுத் தண்டலைத் தவிர்த்திருக்கலாமே என்று சொல்ல வந்தேன். ஆனால் கம்மல் ஏற்கெனவே அடகுக் கடையில் இருக்கும், எனக்குத் தெரியும்.

தண்டலே கூடாதா என்றால், ஒரே ஓர் இடத்தில் கூடும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் உங்களை மறுபடியும் இழுப்பார்கள். கையில் வந்த 8,500 ரூபாயும் சரக்குக்கே போக வேண்டும். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கிறீர்கள், மதியத்துக்குள் விற்றுவிடுகிறீர்கள், ஐஸ், வண்டிக் கூலி போக ஒரு பேச்சுக்கு 500 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். அதில் 100 தண்டலுக்கு, 400 வீட்டுக்கு. மறுநாள் காலை அதே 8,500 மறுபடி ஏலத்துக்குப் போகிறது. நூறு நாள் கழித்துக் கடன் தீர்ந்திருக்கும், முதலும் கையில் இருக்கும். இது தொழில். ஆனால் மூன்றாம் நாள் வாடகைக்காக அதிலிருந்து 2,000 எடுத்தீர்களா, அன்றே கதை மாறிவிடும். சரக்கு குறையும், லாபம் குறையும், அந்த 100 ரூபாய் மட்டும் குறையாது. அதனால் காலையில் போட்ட காசு மாலையில் திரும்ப வருமா என்று பாருங்கள். வந்தால் யோசிக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவும் கல்லூரிக் கட்டணமும் மாலையில் திரும்பி வராது. கல்யாண மொய்யும் வராது. விசைப்படகுக்குத் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரத்தும் குறைவு, ஏல விலையும் ஏறிவிடும். அந்த 61 நாளில் இந்தக் கணக்கே நிற்காது.

இப்போது உங்கள் மூன்று கடன்களைப் பார்ப்போம். தண்டலைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அதன் வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்கள். முதல் தண்டலை இன்றே அடைக்கப் போனாலும் மீதி 3,800 ரூபாயைத்தான் கேட்பார்கள். 38 நாள் கழித்தும் அதே 3,800தான். முன்கூட்டி அடைப்பதால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அப்படியிருக்க, அதை அடைக்க வட்டிக்கு வேறு கடன் வாங்குவது எதற்கு? எல்லாவற்றையும் ஒரே கடனாக்கித் தருகிறேன் என்கிறவர் இதை உங்களிடம் சொல்லமாட்டார்.

அதைவிடப் பெரிய பள்ளம், கார்டைப் புதுப்பிப்பது. எழுபதாம் நாள் வாக்கில் வசூல்காரரே சிரித்துக்கொண்டு, "அக்கா, புதுசா ஒண்ணு போட்டுக்கறீங்களா?" என்பார். புதுக் கடன் 10,000 என்று எழுதி, பழைய பாக்கி 3,000, வட்டி 1,500 பிடித்துக்கொண்டு கையில் 5,500 தருவார். நீங்கள் வாங்கியது 5,500தான், ஆனால் முழு 10,000-க்கும் வட்டி கட்டியாகிவிட்டது. பழைய 3,000 ரூபாய்க்கு ஏற்கெனவே வட்டி கொடுத்தீர்களே, அதற்கே மறுபடியும் கொடுக்கிறீர்கள். வடசென்னையில் வருடக்கணக்காகத் தண்டலிலேயே கிடப்பவர்கள் ஒரு பெரிய கடனில் மாட்டியவர்கள் இல்லை. இப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்து மாட்டியவர்கள்.

உங்களைத் தின்பது அஞ்சு வட்டிக் கடன். மாதம் 1,000 வீதம் 14,000 கொடுத்தாயிற்று, அசல் 20,000 அப்படியே நிற்கிறது. தண்டலுக்காவது கடைசி நாள் என்று ஒன்று உண்டு, இதற்கு அது கிடையாது. 38 நாளில் முதல் தண்டல் முடியும்போது தினம் 100 ரூபாய் கைக்கு வரும், மாதம் 3,000. வழக்கமான வட்டியோடு அதையும் சேர்த்துக் கொடுத்து அசலில் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கு 47 நாள் கழித்து இரண்டாம் தண்டலும் முடியும், இன்னொரு 3,000 சேரும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். இன்றிலிருந்து சுமார் ஐந்தரை மாதத்தில் அந்த 20,000 தீர்ந்துவிடும். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

"மொத்தமா கொடுத்தால்தான் அசலில் கழிப்பேன்" என்று அவர் மறுத்தால், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதற்குள் வருகிறது, மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-லும் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டத்துக்குக் குறைவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலிலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. மனு மேல் மனு கொடுத்த குடும்பம் அது. மனுவை வாங்கி வைத்துக்கொள்வதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற அலுவலகங்கள் இருக்கும்வரை எத்தனை சட்டம் போட்டு என்ன? அதனால் மனுவாகக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

தொழிலுக்கு நிஜமாகவே பணம் வேண்டுமென்றால் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் இருக்கிறது. முதல் தடவை 15,000 வரை, ஒழுங்காக அடைத்தால் அடுத்து 25,000, பிறகு 50,000. ஜாமீன் கேட்கமாட்டார்கள், வட்டியில் 7 சதவீதம் மானியம் உண்டு. வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும், அதற்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். அலைச்சல் இருக்கும், அதை நான் மறைக்கவில்லை. அலைச்சலைக் குறைக்கிறேன் என்று வாசலில் நிற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். போனில் வரும் கடன் செயலிகளைத் தொடவே வேண்டாம். உங்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டாலே அது ரிசர்வ் வங்கி விதிக்கு எதிரானது.

மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். கல்லூரி அலுவலகத்தில் உடனே கேளுங்கள். அடுத்த தவணையை இரண்டாகப் பிரித்துக் கட்டவும் எழுத்தில் அனுமதி கேட்கட்டும்.

இன்னும் ஒன்று. அரசு தடைக்கால நிவாரணமாக 8,000 ரூபாய் தருகிறது, ஒரு குடும்பம் 61 நாள் அதில் ஓடாது. கடன்கள் தீரும்போது டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி ஆகியிருக்கும். அங்கிருந்து ஏப்ரல் 15-க்கு ஏறக்குறைய நூறு நாள் இருக்கிறது. இத்தனை நாள் இரண்டு கார்டுக்கும் கொடுத்துப் பழகிய அதே 200 ரூபாயை தினமும் எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். படகு கரையில் நிற்கிற அன்று 20,000 ரூபாய் உங்கள் பெயரில் இருக்கும்.